வராத கையை அளந்து பார்த்தீர்களா?

பக்கவாதம் வந்தவரை என்னிடம் அழைத்து வருகிற உறவினர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “எத்தனை நாள் தைலம் போட்டு நீவினா கை வரும், டாக்டர்?”

பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன். “இப்போ அந்தக் கை எவ்வளவு வருது? மணிக்கட்டை மேலே தூக்குறாரா? விரல் பிரியுதா? போன மாசம் எப்படி இருந்தது?” பெரும்பாலும் பதில் வராது. “ஏதோ, கொஞ்சம் தேவலை” என்பார்கள். தேவலை என்பது ஆறுதல் வார்த்தை, அளவு அல்ல. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்கிறோம், சர்க்கரைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். கைக்கு மட்டும் ஏன் அளவு வேண்டாம்?

அதற்கு முன் ஒரு விஷயம். திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கம் துவண்டு, பேச்சு குழறினால் அன்றைக்கு என்னைப் போன்ற சித்த மருத்துவரைத் தேடாதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூளை ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ரத்தக் கசிவு என்றால் அதே ஊசி ஆபத்து. அடைப்பா, கசிவா என்பதை நாடி பார்த்துச் சொல்ல முடியாது. நான் இங்கே எழுதுவது, அந்தக் கண்டத்தைத் தாண்டி வீடு திரும்பியவர்களுக்கு.

பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை

தசையின் பலத்தை அளக்க எந்த மெஷினும் வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நரம்பு அடிபட்ட சிப்பாய்களைப் பரிசோதிக்க பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒரு கணக்கு வகுத்தது. இன்றும் உலகம் முழுக்க அதுதான். அசைவே இல்லையென்றால் 0. தசை லேசாகத் துடிக்கிறது, மூட்டு அசையவில்லை என்றால் 1. மெத்தை மேல் கையை நகர்த்த முடிகிறது, தூக்கத்தான் முடியவில்லை என்றால் 2. தூக்கிவிட்டால் 3. நாம் எதிர்த்து அழுத்துவதையும் ஓரளவு தாங்கினால் 4. நல்ல கை மாதிரியே இருந்தால் 5.

பக்கவாதத்துக்கென்றே 1975-ல் ஸ்வீடனில் வகுத்த ஃபுகல்-மேயர் அளவையில் கைக்கு 66, காலுக்கு 34, ஆக 100 மதிப்பெண். பார்த்தல் அளவை 1965-ல் வந்தது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது என்று பத்து விஷயங்களை மட்டும் பார்க்கும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். வீட்டிலே இருக்கிறவர்களுக்கு வேண்டியது அதுதானே!

அளந்தால் என்ன லாபம்? எந்தக் கைக்கு எந்தச் சிகிச்சை என்பது அப்போதுதான் தெரியும்.

எட்வர்ட் டௌப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குரங்குகளின் ஒரு கையில் உணர்ச்சி நரம்பைத் துண்டித்துப் பார்த்தார். (மிருகவதை என்று 1981-ல் அவர் மேல் பெரிய வழக்கே நடந்தது. அது தனிக்கதை.) குரங்கு அந்தக் கையைத் தொங்கப் போட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப் போட்டதும், தொங்கிய கையைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டது! கைக்குத் திராணி இருந்தும், பயன்படுத்தாமலே பழகிப் போயிருந்தது. நம் வீடுகளில் நடப்பதும் இதுதான். சோத்தாங்கை வரவில்லையா, இடது கையால் ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். மருமகள் ஊட்டி விடுகிறாள். கை முழுசாக மறந்தே போகிறது.

டௌப்பின் யோசனையை மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்த முடிவு 2006-ல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர். சிகிச்சை பெற்ற பிரிவினருக்கு இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் நல்ல கைக்கு உறை. வராத கைக்குத் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. ஒரு வருஷம் கழித்தும் பலன் நின்றது. ஆனால் எல்லோரையும் அதில் சேர்க்கவில்லை. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது, குறைந்தது 10 டிகிரி, மேலே தூக்கக் கூடியவர்களுக்குத்தான் அனுமதி. அசைவே இல்லாத கையை வைத்துக்கொண்டு நல்ல கையைக் கட்டிப் போட்டால் அது சிகிச்சை இல்லை, தண்டனை.

அப்படியானால் பூஜ்யத்தில் இருக்கிற கைக்கு? கண்ணாடி இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காகக் கண்டுபிடித்த முறை இது. 1999-ல் அவரும் சகாக்களும் பக்கவாதத்திலும் முயன்று பார்த்தார்கள். மேஜை மேல் ஒரு கண்ணாடியை நெஞ்சுக்கு நேர் எதிரே குறுக்குச் சுவர் போல நிறுத்தி, வராத கையைப் பின்னால் மறைத்துவிட வேண்டும். நல்ல கையை மடக்கி விரிக்கும்போது, பிம்பத்தைப் பார்த்தால் வராத கையே அசைவது போலத் தெரியும். கூடவே அந்தக் கையையும் அசைக்க முயல வேண்டும். பிறகு வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கை அசைவு ஓரளவு மேம்படுவது தெரிந்திருக்கிறது.

தைலம் என்ன செய்யும்?

“அப்போ நம்ம தொக்கணம் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். தட்டல், பிடித்தல், அழுத்தல் என்று ஒன்பது வகைத் தொக்கணத்தைக் கல்லூரியில் படித்தவன்தான் நான். தைலம் தேய்த்துப் பதமாக நீவினால் இறுக்கம் தளரும், வலி குறையும், நோயாளி நன்றாகத் தூங்குவார். பயிற்சிக்கு முன்னால் செய்தால் நல்லது. ஆனால் நீவுகிறபோது உழைப்பது நீவுகிறவரின் கை. மூளை புதிதாகப் பாதை போட வேண்டுமானால் நோயாளியே முயன்று, திரும்பத் திரும்ப, அந்தக் கையால் எதையாவது செய்தாக வேண்டும். தைலத்துக்கு மாதாமாதம் செலவு செய்துவிட்டு பிசியோதெரபிஸ்டை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அவசரமும் கூடாது. 2015-ல் வெளியான ஆய்வில் ஐந்து நாடுகளில் 2104 பேரைப் பார்த்தார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அடிக்கடி நடக்க வைத்தவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தார்கள். வழக்கப்படி விட்டவர்களில் 50 சதவீதம்! எப்போது எழுப்புவது என்பதை ஆஸ்பத்திரியில் சொல்லட்டும்.

“நாங்களே வீட்டில் பார்த்துக்கிறோம், பிசியோதெரபி எதுக்கு?” என்பவர்களுக்கு நம் நாட்டு ஆய்வே ஒன்று உண்டு. 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். பாதிப் பேரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி முறைகளைச் சொல்லிக் கொடுத்து வீட்டில் செய்ய வைத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. குடும்பத்தின் கவனிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை தடவை, எவ்வளவு கடினம் என்பதைத் தெரிந்தவர் ஒருவர் அளந்து, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறேன்.

வீட்டில் நீங்கள் தவறாமல் செய்யக் கூடியது தோளைக் காப்பாற்றுவது. துவண்ட கையின் தோள்பட்டை மூட்டு இறங்கியிருக்கும். எழுப்பி உட்கார வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுப்பையும் தோள் பின்புறத்தையும் அணைத்துத் தூக்குங்கள். கட்டிலில் உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். ஒத்தடம் கொடுப்பதாக இருந்தால் சூட்டை முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் தேதியோடு எழுதி வாருங்கள்: எண் எவ்வளவு, எந்த விரல் பிரிந்தது, டம்ளரை எவ்வளவு தூரம் நகர்த்தினார். அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடமோ என்னைப் போன்றவரிடமோ போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.