பாட்டிலில் ஒரு மாதிரி, கணக்கில் ஒரு மாதிரி

தமிழில் ஒரு சங்கடம் உண்டு. ஓடையில் பாட்டிலை முக்கி எடுக்கும் நீருக்கு ‘மாதிரி’ என்று பெயர். அதே ஓடை நாளை எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் போடும் கணக்குக்கும் ‘மாதிரி’ என்றே பெயர். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுவதற்குள் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கலிபோர்னியாவில் டோபாங்கா என்றொரு சின்ன ஓடை. சாண்டா மோனிகா மலையில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மேற்கே பசிபிக் கடலில் சேர்கிறது. கோடையில் மணல்மேடு அதன் வாயை அடைத்துவிடும். நீர் பின்னால் குட்டையாகத் தேங்கும். குளிர்கால மழையில் மேட்டை உடைத்துக்கொண்டு ஓடும்.

அங்கே குளிக்கலாமா என்று எப்படிச் சொல்வது? நோய்க்கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடி மாளாது. மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் எண்டரோகாக்கஸ் பாக்டீரியாவை எண்ணுகிறார்கள். அது இருந்தால் மலம் கலந்திருக்கக்கூடும் என்று பொருள். 100 மில்லி கடல்நீரில் 104-ஐத் தாண்டினால் கலிபோர்னியாவில் எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். ஆனால் ஆய்வகத்தில் அதை வளர்த்து எண்ண ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஆக, இன்று நடும் பலகை நேற்றைய நீரைப் பற்றியது.

இந்த ஒரு நாள் இடைவெளியை நிரப்பத்தான் இரண்டாவது மாதிரி. அதன் அடிப்படை வெறும் பெருக்கல். ஓடையில் நொடிக்கு 20 லிட்டர் ஓடுகிறது, 100 மில்லியில் 1,000 பாக்டீரியா என்று வையுங்கள். நொடிக்கு 2 லட்சம் கடலுக்குப் போகிறது. மழை பெய்து ஓட்டமும் பத்து மடங்கு, செறிவும் பத்து மடங்கு ஆனால், நொடிக்கு 2 கோடி! மழை நீரைக் கூட்டுகிறது, அழுக்கை நீர்த்துப்போகச் செய்யும் என்றுதானே நினைப்போம்? தெருவிலும் புல்லிலும் காய்ந்து கிடந்ததையெல்லாம் முதல் மழை வாரிக்கொண்டு வருவதால் நடப்பது நேர்மாறு.

அடுத்தது சாவு. கையிலுள்ள டீயைப் பாருங்கள். முதலில் சட்டென்று ஆறுகிறது, பிறகு மெதுவாக. பாக்டீரியாவும் இப்படித்தான் குறையும், இருப்பதில் இத்தனை பங்கு என்று. நல்ல வெயிலில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்காகிறது என்று கொள்வோம். 10,000 இருந்தது 4 மணியில் 1,000, 8 மணியில் 100. இருட்டிலும் கலங்கல் நீரிலும் இந்த வேகம் வெகுவாகக் குறையும். டம்ளரின் அடியில் தங்கிய தூள் ஆட்டினால் மேலே வருவதுபோல, ஓடையின் சேற்றில் ஒளிந்திருப்பதும் வெள்ளத்தில் கிளம்பிவரும்.

இத்தனையையும் தனித்தனியே கணக்கிடாமல் குறுக்கு வழியில் போவோரும் உண்டு. பல ஆண்டு அளவுகளோடு மழை, அலை, ஓதம், வெப்பநிலை ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்து, ‘இன்றைய வானிலைக்கு இன்றைய நீர் இப்படி இருக்கும்’ என்று காலையிலேயே சொல்லிவிடுவார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ‘வர்ச்சுவல் பீச்’ மென்பொருள் இந்த வகை.

சரி, கணக்கு இருக்கும்போது பாட்டில் எதற்கு? மழையே இல்லாத நாளில் எங்கோ ஒரு சாக்கடைக் குழாய் உடைந்தால் கணக்குக்கு அது தெரியாது. எண்ணிக்கை உயர்ந்தது யாரால் என்றும் அது சொல்லாது. டோபாங்காவில் மரபணு அடையாளங்களை வைத்துத் தேடியபோது, பெரும் சந்தேகத்துக்கு ஆளாகியிருந்த, ஓடையின் மேற்பகுதியில் உள்ள மலையூர் தப்பித்தது. கழிமுகத்துக் கடற்காகங்களும் கடற்கரை நாய்களும் மாட்டிக்கொண்டன. பாட்டில் நீர் இல்லாமல் இது தெரிந்திருக்காது.

பாட்டில் தாமதமாக வரும் சாட்சி, கணக்கு முன்கூட்டியே எச்சரிக்கும் காவலாள். ஒன்றை நிறுத்தி இன்னொன்றை வைத்துக்கொள்வது சிக்கனமாகாது.

இரண்டும் கையில் இல்லாதவருக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் சுகாதாரத் துறை சொல்லும் எளிய விதி ஒன்றிருக்கிறது: மழைக்குப் பின் 72 மணி நேரம் ஓடை வாய்ப்பக்கம் கடலில் இறங்காதீர்கள்.