இலங்கை தடுத்தது, அடுத்த முறை யார் தடுப்பார்?

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தெற்கே குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று சுமார் 800 உயிர்கள் போயின. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் பலி ஒற்றை இலக்கம்தான். அந்த மாவட்டத்தில் திருச்செந்தூரை ஒட்டிய ஆலந்தலையில் வீடுகள் கடலைப் பார்த்தே நிற்கின்றன. அந்த ஊரைக் காப்பாற்றியது இலங்கை. கிழக்கிலிருந்து வந்த அலையை அந்தத் தீவு தாங்கிக்கொண்டது. அங்கே 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தீவைச் சுற்றி வளைந்து, வலுக் குறைந்த அலையே மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. இது நமக்கு வாய்த்த நிலவமைப்பு. இதை நம்முடைய தயார்நிலை என்று நினைத்துவிடக் கூடாது.

சுமத்ரா அருகே கடலடி நிலம் குலுங்கியபோது இங்கே காலை ஆறரை மணி. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் கையில் இருந்தும் கரையில் நின்றவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. என்னைக் கேட்டால், அந்தச் சாவுகளில் மிகவும் வலிப்பது இதுதான்.

அதன் பிறகு நாடு விழித்துக்கொண்டது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கம் பதிவான சில நிமிடங்களில் அதன் இடமும் அளவும் அங்கே தெரிந்துவிடும். ஆழ்கடல் தரையில் வைத்த அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் அலை உண்மையில் கிளம்பியதா என்று உறுதி செய்யும். 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினார்கள். அன்று நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல்தரை பெரிதாக எழும்பவில்லை, பேரலையும் வரவில்லை.

மறுவாழ்வில் சிக்கல் வேறு. 2005 மார்ச் 30இல் தமிழக அரசு பிறப்பித்த 172ஆம் எண் அரசாணை, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களிடம் பழைய மனையை அரசிடம் விட்டுக்கொடுத்தால் தள்ளிப் புது வீடு என்றது. உயிருக்கு அது பாதுகாப்பு. ஆனால் விடியுமுன் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வள்ளம் இறக்குகிறவருக்கும், எஞ்சினையும் வலையையும் தோளில் சுமக்கிறவருக்கும் ஒவ்வொரு நூறு மீட்டரும் கூடுதல் பாடு. விட்டுக்கொடுத்த கரை நாளை யார் கைக்குப் போகும் என்ற அச்சமும் நியாயமானது. கடலரிப்பால் ஏற்கெனவே கரையை இழந்துவரும் ஆலந்தலைக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது.

ஐதராபாத்தின் எச்சரிக்கைச் செய்தி கடைசி ஒரு கிலோமீட்டரைக் கடப்பது ஊரின் கையில்தான் இருக்கிறது. கோயில் மணியை அடிப்பது யார், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் என்ன வழி, முதியவர்களை எந்தத் தெரு வழியாக மேட்டுக்குக் கொண்டுபோவது என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகக் கூடாது, மேட்டுக்கு ஓட வேண்டும். முதல் அலை வடிந்ததும் திரும்பக் கூடாது. அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம். கடலில் இருக்கும் படகுகள் கரைக்கு வராமல் ஆழத்துக்குப் போக வேண்டும்.

ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்ற இரு கடலோர ஊர்கள் இப்படிப் பயிற்சி எடுத்து, 2020இல் யுனெஸ்கோவின் ‘சுனாமிக்குத் தயார்’ அங்கீகாரம் பெற்றன. ஆலந்தலை ஊர்க்கமிட்டியும் மாவட்ட நிர்வாகமும் அந்தப் பயிற்சியை இந்த ஆண்டே கேட்டு வாங்க வேண்டும்.