பொத்தான் இருந்தும் அழுத்தாதவர்கள்

முதியோர் உடம்பில் அணியும் பாதுகாப்புக் கருவிகளில் பழையது அவசர அழைப்புப் பொத்தான். கழுத்தில் பதக்கம்போலத் தொங்கும்; மணிக்கட்டிலும் கட்டிக்கொள்ளலாம். தனியாக வசிப்பவர் விழுந்துவிட்டால் ஓர் அழுத்து போதும், வீட்டுத் தொலைபேசி வழியே உதவி மையத்துக்குத் தகவல் போய்விடும். ஏற்பாடு என்னவோ எளிதுதான்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயது தாண்டிய 110 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. அந்த ஓராண்டில் 66 பேர் ஒருமுறையாவது விழுந்தார்கள். அவர்களில் 53 பேர் ஒரு தடவையாவது தாமாக எழ முடியாமல் தவித்தவர்கள்; 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்தவர்கள். பொத்தான் பலரிடமும் இருந்தது. அப்படியும், நெடுநேரம் விழுந்து கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவில்லை. சிலருக்கு அதனால் என்ன பயன் என்றே தோன்றவில்லை. சிலர் வாங்கி வைத்தார்களே தவிர, அணியும் பழக்கம் வரவில்லை. அழுத்திப் பார்த்தும் பலிக்காதவர்கள் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு.

இப்படி மறுப்பதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற எண்ணம் ஒரு பக்கம். விழுந்தது தெரிந்தால் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் மறுபக்கம். போதாததற்கு, அணிந்திருப்பவர் தளர்ந்துவிட்டார் என்பதைப் பதக்கமே ஊருக்குச் சொல்லிவிடுகிறது. பயனும் எளிமையும் தெரிந்தால் மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்று ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது அலுவலகக் கணினிகளை. அலுவலகக் கணினி யாரையும் கிழவர் என்று காட்டிக்கொடுப்பதில்லை.

ஸ்மார்ட் வாட்சுக்கு அந்தக் குறை இல்லை. பேரன் கட்டியிருப்பதும் அதுதானே. 2018இல் வந்த ஆப்பிள் வாட்ச் மாடல், அணிந்தவர் பலமாக விழுந்து அசையாமல் கிடந்தால் தானாகவே அவசர உதவியை அழைக்கும். ஆனால் அநேகமாகத் தினமும் சார்ஜ் போட வேண்டும். இரவில் கழற்றி வைப்பவர் இருட்டில் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது கையில் ஒன்றும் இருக்காது.

நாடித்துடிப்பு சீராக இல்லை என்றும் இந்தக் கடிகாரங்கள் எச்சரிக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் ஆதரவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எச்சரிக்கை வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 65 வயதானவர்களிலும் அதற்கு மேற்பட்டவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 3 பேர். எச்சரிக்கை வந்ததும் நேரே டாக்டரிடம் போகிறவரும் உண்டு, மணிக்கொரு தரம் திரையைப் பார்த்துக் கலங்குகிறவரும் உண்டு.

கருவியைப் பெரும்பாலும் பிள்ளைகள்தான் வாங்கித் தருகிறார்கள். எத்தனை அடி நடந்தார், எப்போது தூங்கினார் என்பதெல்லாம் மகனுடைய போனுக்கும் போகிறது என்று தெரிந்ததும் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதே தகவல் தம் டாக்டருக்கு மட்டும் போவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இருப்பதில்லை.