தலையிடாமை என்னும் நாடகம்

சரித்திர பாடம் நடந்துகொண்டிருக்கையில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஸார், உள்நாட்டு யுத்தத்தில் இரு கட்சிக்கும் அந்நியர் ஆயுதம் கொடுத்தால், இரண்டும் ஒரே குற்றந்தானே?" என்று வினவினான். அவனுக்கு விடையளிக்க நாம் கரும்பலகையில் ஸ்பெயின் தேசத்தின் படத்தை வரைய வேண்டியதாயிற்று.

1936 ஜூலையில், ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஸ்பெயின் குடியரசு சர்க்காரை எதிர்த்து ஜெனரல் பிராங்கோ முதலிய படைத்தலைவர்கள் கலகம் விளைத்தனர். சர்வதேச சட்டம் இவ்விஷயத்தில் ஊமையாக இருக்கவில்லை. சட்டபூர்வமான சர்க்கார் அந்நியரிடம் ஆயுதம் வாங்கலாம். கலகக்காரருக்கு உதவுவது முறையன்று. இதுவே அக்காலத்தில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்த விதி. கலகம் பெரும் போராக முற்றி, இரு தரப்பாரையும் போர்க்கட்சிகளென்று பிற தேசங்கள் அங்கீகரித்த பின்னரே அவர்களைச் சமமாக நடத்தும் கடமை பிறக்கும்.

நடந்ததோ வேறு. பிரான்ஸும் பிரிட்டனும் முன்னின்று, எவருக்கும் ஆயுதமில்லை என்று 27 ஐரோப்பிய தேசங்களை இசையச் செய்தன. செப்டம்பரில் லண்டனில் 'தலையிடாமைக் கமிட்டி' கூடிற்று. வீட்டுக்காரனையும் கன்னம் வைத்தவனையும் ஒன்றாகப் பாவித்த நடுநிலைமை இது! அந்தச் சமத்துவமாவது நிலைத்ததா? ஹிட்லர் 'காண்டார்' விமானப் படையை அனுப்பினார்; முஸோலினி பல்லாயிரம் துருப்புகளை அனுப்பினார். ருஷ்யா குடியரசுக்கு டாங்கிகளும் விமானங்களும் கொடுத்தது. இனாமாக அன்று, 1936 அக்டோபரில் ஸ்பெயினின் பொக்கிஷத்திலிருந்து 510 டன் தங்கம் அங்கே கப்பலேறிற்று. இம்மூன்று தேசங்களும் கமிட்டியின் அங்கத்தினர்களே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கமிட்டியில் சேராத மெக்ஸிகோ மட்டும், ஒளிவு மறைவின்றிக் குடியரசுக்குத் துப்பாக்கிகள் அனுப்பிற்று.

1937 ஏப்ரலில் கமிட்டி கடற்காவல் ஏற்படுத்தியது. குடியரசின் வசமிருந்த மத்தியதரைக் கடற்கரையைக் காவல் புரியும் பொறுப்பு எவருக்கு அளிக்கப்பட்டது? ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும்! அதே மாதம் 26-ந் தேதி குவெர்னிகா பட்டணத்தின்மீது காண்டார் விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. 1938-ல் பார்ஸிலோனாவுக்குச் சென்று யுத்தத்தை நேரில் கண்ட ஜவஹர்லால் நேரு இத் தலையிடாமைக் கொள்கையைக் கடுமையாகக் கண்டித்தார்.

சட்டத்திலும் ஒரு பொத்தல் இருந்தது. சட்டபூர்வமான சர்க்கார் எது என்று தீர்மானிப்பவர் யார்? 1936 நவம்பர் 18-ந் தேதி ஜெர்மனியும் இத்தாலியும் பிராங்கோவையே ஸ்பெயினின் சர்க்காரென்று அங்கீகரித்துவிட்டன. கலகக்காரருக்குச் செய்த உதவி ஒரே நாளில் சர்க்காருக்குச் செய்யும் உதவியாக வேஷம் மாறிற்று.

பிற்காலத்தில் சர்வதேச நீதிமன்றம் இவ்விதியைத் தெளிவுபடுத்தியது. நிகராகுவாவின் சர்க்காரை எதிர்த்த 'கான்ட்ரா' படையினருக்கு அமெரிக்கா ஆயுதமும் பயிற்சியும் அளித்தது சட்ட விரோதம் என்று 1986 ஜூன் 27-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. எதிர்க்கட்சியார் அழைத்தார்கள் என்பதே தலையீட்டுக்கு நியாயமாகிவிடாது என்றும் அத் தீர்ப்புக் கூறிற்று.

"அமெரிக்கா நஷ்டஈடு கொடுத்ததா, ஸார்?" என்றான் பையன்.

கொடுக்கவில்லை. தீர்ப்பை நிறைவேற்றக் கோரி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபைக்கு வந்த தீர்மானத்தை அமெரிக்காவே ரத்து அதிகாரத்தினால் தடுத்தது. 1991-ல், ஆட்சி மாறிய நிகராகுவா வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.