உங்களுக்குத் தெரியுமா? கிருமியில்லாத எரிச்சல்

இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து, தொற்று யாதொன்றும் இல்லையென வைத்தியர் உறுதி கூறிய பின்னரும், ஆண்குறியிலும் விதைப்பையிலும் எரிச்சலும் சிவப்பும் மாதக்கணக்கில் நீடிப்பதால், வெளியில் சொல்லவொண்ணாத வியாதி ஏதோ உடலில் ஒளிந்திருப்பதாக அஞ்சி உறக்கமிழக்கும் ஆடவர்கள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இல்லாமலில்லை. அவர்களிற் பலருக்குத் துன்பம் விளைவிப்பது சுத்தத்தின்மேல் கொண்ட அதீத சிரத்தையே! குறிமுனை அழற்சி அடிக்கடி கண்டவர்களை ஆராய்ந்து 1993-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, ஏறக்குறைய முக்கால் பங்கினருக்கு அது எரிச்சலூட்டும் பொருள்களால் நேரும் தோல் அழற்சியே என்றும், அவர்கள் சோப்பிட்டு மிகுதியாகக் கழுவியவர்கள் என்றும் கண்டது.

இதனினும் கொடியது, மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கித் தடவும் படர்தாமரைக் களிம்பு. அத்தகைய களிம்புகள் பலவற்றில் கலந்திருக்கும் குளோபெட்டசால் போன்ற உக்கிரமான ஸ்டீராய்டு முதலில் சுகமளித்து, நாளடைவில் அம்மெல்லிய தோலை மேலும் மெலிவித்து, இரத்தக்குழாய்களை விரியச் செய்து, நிறுத்தியவுடன் நெருப்பாய் எரியும் நிலைக்கு மனிதனை ஆளாக்கிவிடுகிறது. சென்னையின் வியர்வையும் இறுகிய உள்ளாடையும் அவ்வேதனையை வளர்க்கின்றன. ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென மத்திய சர்க்கார் 2018-இல் விதித்தும் பழக்கம் ஓயவில்லை.

நீரிழிவும் இவ்வெரிச்சலுக்கு ஒரு காரணமாதலால் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்கத்தை விடுத்துச் சரும நோய் நிபுணரிடம் செல்லுங்கள். இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலேயே அதற்குரிய பிரிவு உண்டு.