புது எஞ்சினில் 'டிக் டிக்' சத்தமா? பிரிப்பதற்கு முன் கேளுங்கள்!

பல வாரம் பட்டறையில் கிடந்த கார் வீடு திரும்பிவிட்டது. எஞ்சினைப் பிரித்து, புதுப் பாகங்கள் போட்டு, சில ஆயிரம் வெள்ளியும் கட்டியாகிவிட்டது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால், பானெட்டுக்கு அடியில் தையல் இயந்திரம் ஓடுவது போல 'டிக் டிக் டிக்'! செலவழித்தவருக்கு வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களுக்கு இது பழக்கமான கவலைதான். புதுக் கார் என்றால் 9 ஆண்டு வரை மாதத் தவணை. அதற்குப் பயந்து அப்பாவின் பழைய காரையே ஓவர்ஹால் செய்து ஓட்டுகிறோம், அல்லது ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட் எஞ்சினைப் பொருத்திக்கொள்கிறோம். 1985-இல் வந்த புரோட்டோன் சாகா, 1993-இல் வந்த வீரா, 1995-இல் வந்த பெர்டானா எல்லாமே மிட்சுபிஷி எஞ்சின்களோடு வந்தவை. ஹைட்ராலிக் லிஃப்டர் கொண்ட மிட்சுபிஷி எஞ்சின்களில் இந்த 'டிக் டிக்' ஊரறிந்த விஷயம்.

லிஃப்டர் என்பது என்ன?

எஞ்சினின் வால்வைத் திறந்து மூடும் பாகங்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருந்தாலும் அவை ஒன்றோடொன்று மோதித் தட்டும். அந்த இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானாகவே அடைப்பதுதான் ஹைட்ராலிக் லிஃப்டர். விரல் நுனி அளவுள்ள குழாய். அதற்குள் ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், எண்ணெய் திரும்பிப் போகாமல் தடுக்கும் குட்டி உருண்டை. உள்ளே எண்ணெய் நிறைந்திருந்தால் கல் போல உறுதியாக நிற்கும். காற்று புகுந்தாலோ பஞ்சு போல அமுங்கும், சத்தம் கிளம்பும்.

எல்லாக் கார்களிலும் இது கிடையாது. சிலவற்றில் இடைவெளியைக் கையால் அளந்து சரிசெய்ய வேண்டும். ஆகவே ஃபோர்மேனிடம் முதலில் கேட்க வேண்டியது, "இது ஹைட்ராலிக்கா, கையால் அட்ஜஸ்ட் செய்வதா?" என்பதே.

காதைத் தீட்டுங்கள்

வானொலியில் சத்தத்தோடு பிழைப்பு நடத்துபவள் என்பதால் சொல்கிறேன், சத்தத்துக்கும் தாளம் உண்டு. கேம்ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது ஒரு லிஃப்டர் 400 முறைதான் தட்டும். மேலிருந்து வரும் லேசான, கூர்மையான 'டிக்' வால்வுப் பக்கத்துச் சத்தம். அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்து, ஏற்றத்தில் மிதிக்கும்போது கூடினால் அது பேரிங் கோளாறாக இருக்கலாம். அப்போது ஓட்டாதீர்கள்.

எக்ஸாஸ்ட் மூட்டில் கசிவு இருந்தாலும் 'டிக் டிக்' கேட்கும். அது பெரும்பாலும் எஞ்சின் சூடானதும் குறையும். இன்ஜெக்டரின் மெல்லிய சொடுக்கோ இயல்பானது. நீண்ட ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சின் மேல்மூடியிலும் மறுமுனையைக் காதோரத்திலும் வைத்துக் கேட்பது பழைய வித்தை. இதை ஃபோர்மேனிடமே விட்டுவிடுங்கள், ஓடும் பெல்ட் கையைப் பதம் பார்த்துவிடும்.

புதிதாகக் கட்டிய எஞ்சினில் ஏன்?

முதல் காரணம் காற்று. பிரித்துக் கட்டும்போது எண்ணெய்ப் பாதைகள் காலியாகிவிடும். லிஃப்டரில் எண்ணெய் நிறையச் சற்று நேரம் பிடிக்கும்.

இரண்டாவது, எண்ணெய் அளவு. குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் கிராங்க்ஷாஃப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் லிஃப்டருக்குப் போவது காற்று கலந்த எண்ணெய்தான்.

மூன்றாவது, தூசு. மெஷின் ஷாப்பில் கடைந்த இரும்புத்தூள் சரியாகக் கழுவப்படாமல் போனால், அந்தக் குட்டி உருண்டைக்கு அடியில் சிக்கி அதை மூடவிடாது.

நான்காவதுதான் ஆபத்தானது, எண்ணெய் அழுத்தக் குறைவு. பேரிங் தளர்வாகப் பொருந்தியிருந்தாலோ பம்ப் தேய்ந்திருந்தாலோ முதலில் புலம்புவது லிஃப்டர்தான். லிஃப்டரை மட்டும் மாற்றினால் நோய் அப்படியே இருக்கும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

சமதரையில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பாருங்கள். கார் கையேட்டில் சொன்ன தரத்து எண்ணெய்தானா என்று உறுதிசெய்யுங்கள். சத்தத்தை அடக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றுவது தலைவலிக்குத் தைலம் தடவுவது மாதிரி; காரணம் உள்ளேயே இருக்கும்.

அடுத்து, அழுத்தமானியைப் பொருத்தி எண்ணெய் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் காற்றை வெளியேற்றலாம். எஞ்சினைச் சூடாக்கி, கியர் போடாமல், வேகத்தை மெதுவாக 3000 சுற்று வரை ஏற்றி மீண்டும் இறக்க வேண்டும். மிட்சுபிஷி முறைப்படி இப்படி 10 முதல் 30 தடவைக்குள் சத்தம் போய்விடும். போகவில்லை என்றால் மேல்மூடியைத் திறந்து, அமுங்கும் லிஃப்டரைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டியதுதான். முழு எஞ்சினையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. எண்ணெய்ச் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

பட்டறை கையை விரித்தால்?

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். பிரச்சினை தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனு கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை.

அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். மாற்றிய பாகங்களின் பட்டியலோடு ரசீது, கழற்றிய பழைய பாகங்கள், அழுத்தமானி காட்டிய அளவு, இவற்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யும்போது தேதியையும் கிலோமீட்டரையும் சொல்லியே பதியுங்கள். நல்ல ஃபோர்மேன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அடுத்த முறை எங்கே போகக்கூடாது என்பதாவது தெரிந்துவிடும்!