175 கி.மீ. பறக்க எவ்வளவு நேரம்?

மதுரை, கோவை விமான நிலையங்களுக்கு இடையே வரைபடத்தில் நேர்கோடு போடுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தின் பழனியை ஒட்டிச் செல்லும். தூரம் சுமார் 175 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் சிறிய விமானத்துக்கு 21 நிமிடம்தான். ஆனால் நிஜத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். ஏன்?

பயண நேரம் என்பது விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்ந்தது முதல், மறுமுனையில் போய் நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அதில் சேரும். மேலேறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. குறுகிய தூரத்தில் ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும்.

பாதையும் நேர்கோடல்ல. விமானம் பொதுவாக எதிர்காற்றை நோக்கியே கிளம்பும், இறங்கும். அதற்காகச் சுற்றி வரவேண்டும். குறுக்கே பழனி மலைத்தொடர் இருப்பதால் போதிய உயரமும் தேவை.

விமானம் ஏறும் முன்பும் நேரம் போகும். உதாரணமாக, திண்டுக்கல்காரர் மதுரை விமான நிலையம் போகவே சுமார் 70 கி.மீ. தெற்கே பயணிக்க வேண்டும். பிறகு சோதனை, காத்திருப்பு. திண்டுக்கல்லிலிருந்து கோவையோ சாலையில் ஏறக்குறைய 160 கி.மீ.தான். இந்தத் தூரத்துக்குப் பேருந்தே மேல்!